இரண்டிலும் செவ்வரளி

உட்காருங்கள், வாத்தியார் ஐயா. அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. சுவர்ப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் ஆடாது. வெயிலில் வந்திருக்கிறீர்கள், முதலில் காப்பியைக் குடியுங்கள்.

வீரமுத்து உள்ளே படுத்திருக்கிறான். அடுத்த வருஷமாவது சிங்கப்பூர் காமர்ஸ் கல்லூரியில் அவனுக்கு இடம் கிடைக்குமா என்று பார்க்க வந்ததாகச் சொன்னீர்கள். இந்த மனசு யாருக்கு வரும்? அதனால்தான் உங்களிடம் மறைக்கத் தோன்றவில்லை.

என் அண்ணன் வேலு காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஜொகூர் பாருவில் இருக்கிறதென்று மகனை என்னிடம் விட்டுப் போனார். நான் கோயில் வாசலில் பூ விற்கிறவள். என் வீட்டுக்காரர் துறைமுக வேலைக்கென்று பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போனவர்தான். இருக்கிறாரா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. அத்தை, அத்தை என்று அந்தப் பிள்ளை காலைச் சுற்றி வந்த பிறகுதான் இந்த வீட்டில் அடுப்பு இரண்டு வேளை எரிந்தது.

கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறியதும் நீங்கள் இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னீர்கள். கணக்கில் அவனை அடிக்க ஆளில்லை, கடிதம் எழுதுவதில் கெட்டி, பேசும்போது திக்குவது ஒன்றுதான் குறை, துரைமார் நேரில் கேட்கிற அன்று திக்காமலிருந்தால் இடம் நிச்சயம் என்று. நீங்கள் அவன் உள்ளே போவானா என்று பார்த்தீர்கள், ஐயா. நான் அவன் திரும்பி வருவானா என்று பார்த்தேன்.

அண்ணன் பூக் கட்டிப் பார்க்கச் சொன்னார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் ஆகட்டும், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுத்த பொட்டலத்தைப் பிரிப்பார்களே தவிர, எடுக்காததை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. கட்டியவள் நான். இரண்டிலும் செவ்வரளிதான் வைத்தேன்.

"ஆத்தாளே வேணாம்னுட்டா, பேச்சி. அப்புறம் என்னா இருக்கு?" என்று அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதோடு முடிந்திருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நீங்கள்தான் வந்து, "பூவோ சோதினை எழுதப் போகுது? நீ போ தம்பி, நான் கொப்பரோட கதைக்கிறன்" என்று சிரித்தீர்கள். சொன்னபடி அவன் அப்பாவிடம் பேசிச் சம்மதிக்கவும் வைத்தீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

போவதற்கு முதல் நாள் என்னைத் துரையாக உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொன்னான்.

"என்னடா பேரு உனக்கு?" என்றேன்.

"அத்தை, துரை 'என்னடா'ன்னு கேக்க மாட்டாருலா."

"கேட்டா என்னவாம்? உன்னையப் பாத்தா அப்படித்தான் கேக்கத் தோணும்."

சிரித்துக்கொண்டே பதில் சொன்னான், நீளமாக, இங்கிலீஷில். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எங்கும் திக்கவில்லை. "காமர்ஸ் படிச்சிட்டு மொதல்ல ஒங்க பூக்கடைக்குத்தான் போர்டு மாட்டுவேன். பேச்சியம்மாள் அண்ட் கம்பெனி" என்றான். இடம் நிச்சயம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சிவனுக்குச் சாத்த ஊமத்தம்பூ பறிக்கிறவள் நான். பூவைப் பறித்தால் காயும் கையில் வரும். ஒரு நாள் தலை சுற்றிப் படுத்திருந்தால் போதும், ரயில் போய்விடும், துரைமார் வேறு பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்தேன். காலைக் காப்பியில் கலந்தேன்.

பயப்படாதீர்கள், ஐயா. அவன் தம்ளர் வேறு. உங்களுடையதில் சர்க்கரை மட்டும்தான்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷன்வரை நடந்துவிட்டான். அங்கே போனதும் தண்டவாளத்தில் இறங்கி, இல்லாத ஆட்களோடு பேசியிருக்கிறான். தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று நீங்கள் அண்ணனிடம் கெஞ்சினீர்களே, நினைவிருக்கிறதா? "ஆத்தா சொல்ல மீறினதுக்குக் கூலி. டாக்டர் என்னா செய்வாரு?" என்று அவர் அசையவில்லை. வேப்பிலையும் திருநீறும்தான் நடந்தன. நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் என்னைக் கொண்டுபோயிருப்பார்கள். அப்புறம் அவனை யார் பார்ப்பது?

இத்தனை நாளாகியும் ஏன் தெளியவில்லை என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அது ஒரு நாளில் இறங்குகிற மயக்கம், ஐயா. இறங்கியது. சுவரைப் பிடித்து எழுந்து, "அத்தை, ர... ரயில் போயிருச்சா?" என்றான். பழைய திக்கல் திரும்பியிருந்தது. அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. போய்க் காப்பி கலந்தேன். அதன்பிறகு எப்போது தெளிந்தாலும் அதையேதான் கேட்கிறான். கேட்கும்போது கண் கலங்குகிறது. அவன் அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. காப்பி குடித்தால் அமைதியாகிவிடுவான். நான் தலை வாரிவிடுவேன், வாயில் ஊட்டுவேன். சின்னப் பிள்ளையில் இருந்த மாதிரியே இருக்கிறான்.

எழுந்துவிட்டீர்கள். போலீசுக்குத்தான் போகிறீர்கள், தெரிகிறது. போங்கள், தடுக்க மாட்டேன். வருகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: என்னைக் கூட்டிக்கொண்டு போனால், வேளை தவறாமல் அவனுக்குக் காப்பி கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்?