மைக் அண்ணன் கேட்டு எழுதிய அறுபத்திரண்டு பதில்கள்

மேடையில் இருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, பேருந்து நிலைய ஊழியர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் மைக் அண்ணனின் துணைவி, எங்கள் அண்ணி அவர்களே, சிகிச்சை முடிந்தும் எங்களை விட்டுப் போகாத புற்றுநோய்ப் பிரிவுச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம். அந்தப் பிரிவில் உங்களுக்கு ஊசி போடும் நர்ஸ் நான். இன்று மைக் அண்ணனின் நினைவாகப் பேச வந்திருக்கிறேன்.

இருபத்தாறு வருடம் நம் பேருந்து நிலையத்தில் ஒலித்த குரல் அவருடையது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் சொல்லித்தான் நாம் ஓடினோம். அதனால் அவர் மைக் அண்ணன். தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. இனி அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கலாமா என்று நாங்கள் தயங்கினோம். "மைக்தான் ரிப்பேர். அண்ணன் நல்லாத்தான் இருக்கேன்" என்று எழுதிக் காட்டினார்.

சிகிச்சை முடிந்தவர்கள் இனி அலைய வேண்டாம், போனிலேயே நலம் விசாரிக்கலாம் என்று மருத்துவமனை முடிவு செய்தது. நல்ல எண்ணம்தான். அழைக்கும் வேலை எனக்கு. பட்டியலில் பெயர் இல்லை, எண்கள் மட்டும். ஓர் எண்ணில் பேச்சே வரவில்லை. டொக் டொக் என்று ஏதோ தட்டும் சத்தம். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். மூன்று முறை. பேச முடியாதவர் ஒருவர் அந்தப் பக்கம் இருக்கலாம் என்று எனக்கு உறைத்ததா? உறைக்கவில்லை.

மறுநாள் இரண்டு பஸ் மாறி அண்ணன் வந்து நின்றார். "சிஸ்டர், நேத்து மூணு தடவை பதில் சொன்னேன். மூணு தடவையும் நீங்கதான் வச்சிட்டீங்க" என்று எழுதினார். நான் அழுதேன். அவர் சிரித்தார். சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும்.

இந்த போன் முறையை மாற்றுவது பற்றிப் பேச, தலைமை மருத்துவர் அவரைக் கூட்டத்துக்கு அழைத்தார். "என் ஒருத்தன் கதையை வச்சு முடிவு பண்ணாதீங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நோட்டும் பேனாவுமாகக் காத்திருப்புக் கூடத்தில் போய் உட்கார்ந்தார். எப்படி விசாரித்தால் வசதி என்று வருகிறவர்களை எழுதிக் கேட்டார். நான்கு மாதம். அறுபத்திரண்டு பேர்.

தையல்கார அம்மா சொன்னார்: "போன்லயே கேட்டா எனக்கு ஒரு நாள் வேலை மிச்சம்." லாரி ஓட்டுநர் சொன்னார்: "டாக்டர் கை வச்சுப் பாத்து ஒண்ணுமில்லன்னு சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." ஓர் ஆசிரியை சொன்னார்: "ரிசல்ட் மெசேஜ்ல வந்துச்சு. கடைசி வரிசைப் பிள்ளைங்க பாக்க, வகுப்புல நின்னு படிச்சேன்."

அந்த நோட்டோடு கூட்டத்துக்கு வந்த அண்ணன் கேட்டது இரண்டுதான். போனா, எழுத்தா, நேரிலா என்று அவரவரைக் கேட்டுச் செய்யுங்கள். கெட்ட செய்தியை மெசேஜில் அனுப்பாதீர்கள். கணினிப் பிரிவு அதிகாரி, "எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தாத்தான் சார் சுலபம்" என்றார். அண்ணன் இரண்டே வார்த்தை எழுதி நகர்த்தினார்: "யாருக்கு சுலபம்?" அந்த அதிகாரி மூன்றாம் வரிசையில் இருக்கிறார். ஒரே வாரத்தில் அத்தனையையும் மாற்றித் தந்தவரும் அவரே.

இந்த ஆண்டு நோய் நுரையீரலில் திரும்பி வந்தது. அதைச் சொல்ல நான் அவர் வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கல்ல, அண்ணிக்கு. சொல்லி முடித்ததும் எழுதினார்: "நல்லவேளை நேர்ல வந்தீங்க. இவகிட்ட நான் எப்படிச் சொல்லியிருப்பேன்?"

வெகுநேரம் கழித்துக் கேட்டேன்: "நோட்டுல அறுபத்திரண்டு பேர் இருக்காங்க. உங்க பதில் மட்டும் இல்லையே அண்ணா?"

மெதுவாக எழுதினார். "எனக்கு மெசேஜ் போதும். ஆனா எப்பவாச்சும் அந்தக் கூடத்துக்கு வரச் சொல்லுங்க. கூட ட்ரீட்மெண்ட் எடுத்தவங்க நடந்து வர்றதப் பாக்கணும். அதுல ஒரு தெம்பு. அது போன்ல வராது."

அறுபத்து மூன்றாவது பதில் அது. அவர் இருந்தபோது அதை நாங்கள் நிறைவேற்றவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு.

தலைமை மருத்துவரின் அனுமதியோடு சொல்கிறேன். இனி ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கூடம் உங்களுக்காகத் திறந்திருக்கும். சீட்டு வேண்டாம், பரிசோதனை கிடையாது. சும்மா வாருங்கள். உங்களைப் பார்க்க அங்கே யாராவது காத்திருப்பார்கள்.