ரோகிணி மண்டலத்துக் கலகக்காரன்

ஜகந்நாதன்: அழுங்கோ மாமி. கண்ணைத் துடைச்சுக்காதீங்கோ. வாசல்ல ஹவல்தார் நம்ம முகத்தையே பார்த்துண்டிருக்கான், தமிழ் தெரியாதவன்.

அபயாம்பாள்: யார் நீங்க? போலீஸோட வந்துட்டு, இத்தனை மெதுவாப் பேசறேளே...

ஜகந்நாதன்: பம்பாய் போலீஸ் ஆபீஸ்ல தமிழ் டிரான்ஸ்லேட்டர். ஜகந்நாதன். உங்காத்துக்காரர் நேத்திலேர்ந்து லாக்கப்ல இருக்கார். நான் எழுதற ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் அவரை விடறதா வேண்டாமான்னு... ம்! பதில் சொல்லுங்கோ! பயப்படாதீங்கோ, இந்த அதட்டல் அவனுக்காக.

அபயாம்பாள்: அவர் என்ன தப்புப் பண்ணினார்? மாட்டுங்கால நாலு ஆத்துக்குள்ள சுத்தற கையெழுத்துப் பத்திரிகை. அதுல ஒரு கதை. அதுவும் ஆகாசத்துல நடக்கறது!

ஜகந்நாதன்: படிச்சேன். ரெண்டாயிரத்து நானூறாம் வருஷம். ரோகிணி மண்டலத்துல நட்சத்திரங்களுக்குள்ள சண்டை. ராஜாவோட தம்பி விண்கப்பல் படைக்குத் தளபதி. கப்பம் கட்டாத சின்னக் கிரகத்தைக் கொளுத்துன்னு அண்ணன் உத்தரவு போடறான். இவன் பீரங்கியை அண்ணன் பக்கமே திருப்பறான்.

அபயாம்பாள்: திருப்பத்தானே செய்வான்? கீழே குழந்தைகள்னா இருக்கு!

ஜகந்நாதன்: ஊரே 'வெள்ளையனே வெளியேறு'ன்னு கத்தறப்போ இதைப் படிச்சா துரை என்ன நினைப்பான்?

அபயாம்பாள்: ஆகாசத்துல ஏது வெள்ளைக்காரன்?

ஜகந்நாதன்: ஐயோ, என்னைச் சிரிக்க வைக்காதீங்கோ...

ஹவல்தார்: க்யா போல்தீ ஹை, பாபு?

ஜகந்நாதன்: குச் நஹீ, ரோ ரஹீ ஹை... என்ன சொல்றேள்னு கேட்டான், அழறேள்னுட்டேன். மாமி, உங்காத்துக்காரர்கிட்ட அந்தத் தளபதியோட பேரைக் கேட்டேன். திருதிருன்னு முழிச்சார். ஆனா 'நான்தான் எழுதினேன்'னு சத்தியம் பண்றார். யாரைக் காப்பாத்தறார்?

அபயாம்பாள்: அதிரதன். அவன் பேர் அதிரதன். நான்தான் எழுதினேன். அவருக்குக் கையெழுத்து அழகா இருக்கும், எடுத்தெழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். என்னை அழைச்சுண்டு போங்கோ. அவரை விட்டுடுங்கோ.

ஜகந்நாதன்: உஷ்... அதுக்கா வந்தேன்? துரை ஒண்ணுதான் கேட்டான், கதை எப்படி முடியறதுன்னு. கலகக்காரன் மன்னிப்புக் கேட்டா அது ராஜ விசுவாசக் கதை. கடைசி அத்தியாயம் இன்னும் வரலையே. அதிரதன் அண்ணன் கால்ல விழறான்னு ஒரே ஒரு வரி எழுதித் தாங்கோ. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் ஆத்துக்கு வந்துடுவார்.

அபயாம்பாள்: அவன் விழமாட்டான்.

ஜகந்நாதன்: அவன் காகிதத்துல இருக்கான். உங்காத்துக்காரர் கல்தரையில படுத்துண்டிருக்கார்.

அபயாம்பாள்: தெரியாதா எனக்கு? ஆனா அந்தக் கிரகத்து ஜனங்கள் இவனைத்தானே நம்பிண்டிருக்கா...

ஜகந்நாதன்: இந்தாங்கோ, பென்சில்.

அபயாம்பாள்: பகவானே... கை வரமாட்டேங்கறது... ம். விழுந்துட்டான். போதுமா?

ஹவல்தார்: அந்தக் காகிதத்த இங்க குடுங்கம்மா.

ஜகந்நாதன்: ஹவல்தார்... நீ... தமிழா?

ஹவல்தார்: தாராவி போலீஸ் சௌக்கில பன்னெண்டு வருசம் பாபு. சுத்தி அம்புட்டும் திருநெல்வேலி ஆளுக.

ஜகந்நாதன்: அப்போ... எல்லாத்தையும் கேட்டியா?

ஹவல்தார்: மொத வார்த்தையிலேருந்து. பயப்படாதிய. தொர சாகேப் கேட்டா, அம்மா அழுதாக, வேற ஒண்ணும் பேசலன்னு சொல்லுதேன்.

அபயாம்பாள்: நீ மகராஜனா இருக்கணும்ப்பா. ஆனா ஏன்... எங்களுக்காக...

ஹவல்தார்: போன வாரம் ஊர்வலத்துல எனக்கும் அடின்னு ஒரு உத்தரவு வந்துச்சும்மா. அதுலயும் பிள்ளைக இருந்துச்சு. நான் லத்திய ஓங்கிட்டேன்... உங்க அதிரதன் ரிப்போர்ட்டுல மட்டும் விழட்டும். கதையில விழ வச்சிராதிய.