சார் சொன்னால் மட்டும்

நிவாரண முகாமில் உப்புமா போட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள். என் வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது இதுதான். எலுமிச்சைச் சோறு போடலாம், தக்காளிச் சோறு போடலாம். உப்புமா என்று காதில் விழுந்தால், "நாங்க ஊட்டுலயே கெடந்து சாகறோம், போங்க" என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள். பேரிடர் மேலாண்மை என்றதும் எல்லோருக்கும் படகும் கயிறும் ஞாபகம் வருகிறது. உண்மையில் அது முக்கால்வாசி சோறும் கக்கூசும்தான்.

விசாரிக்க வந்த நீங்கள் கேட்டது அதில்லை என்று தெரியும். மலைமேல் மழை கொட்டுகிற தகவல் மதியமே என் கைக்கு வந்திருந்தும் ஓடைக்காட்டுக்கு ஏன் சொல்லவில்லை, பதினோரு பேர் ஏன் செத்தார்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இப்போதெல்லாம் எதையும் வேகமாகச் செய்ய முடிவதில்லை.

வராத வெள்ளத்துக்குத் திட்டம் போடுவதுதான் என் உத்தியோகம். வந்தால் யாரை எங்கே கொண்டுபோய் வைப்பது, கரண்ட் போனால் ஆஸ்பத்திரி எப்படி ஓடுவது, அலுவலகமே மூழ்கிவிட்டால் அதிகாரிகள் எங்கே உட்கார்ந்து உத்தரவு போடுவது, எல்லாவற்றையும் முன்கூட்டி யோசித்து வைக்க வேண்டும். வெள்ளம் வந்தால் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்பார்கள். வராவிட்டால் எதற்கு எங்களை அலைக்கழித்தாய் என்பார்கள். இப்படிப் பல வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்கு உடம்பு அலுப்பதில்லை, மனசுதான் அலுத்துப்போகிறது.

சேந்தமங்கலத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் வண்டாரி ஏரி இருக்கிறது. கீழே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை ஓடை வழியாக வந்து ஏரியில் விழும். வடகரைக்குக் கீழே கீழ்ப்புதூர். ஆயிரம் வீடு, லாரிப் பட்டறைகள், வாரச்சந்தை. தென்கரைக்குக் கீழே ஓடைக்காடு; நாற்பது வீடுகூடத் தேறாது, கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போகிறவர்கள். கரை இரண்டு பக்கமும் சொத்தை. தெற்குப் பக்கம் கூடுதல் சொத்தை.

வரிசையாக மூன்று முறை ஊரைக் காலி செய்யச் சொன்னேன். மூன்று முறையும் மழை வேறு பக்கம் போய்விட்டது. மூன்றாவது முறை கீழ்ப்புதூரில் பட்டறை வைத்திருக்கும் செங்கோடன், வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு எல்லோரும் கேட்கும்படி சொன்னார்: "வெயிலு பல்லைக் காட்டுதுங்க சார். வேணும்னா ஒரு கொடை வாங்கித் தாரேன், நீங்க மட்டும் புடிச்சுக்கிட்டு நில்லுங்க." அன்றிலிருந்து கீழ்ப்புதூரில் எனக்குக் குழந்தைவேல் என்ற பெயர் போய், கொடைக்காரர் என்ற பெயர் நின்றுவிட்டது. ஜீப்பைப் பார்த்தால் குழந்தைகள்கூடக் கையைத் தலைக்குமேல் விரித்துக் காட்டும்.

ஓடைக்காடு அப்படியில்லை. அங்கே மாரியாயி இருந்தாள். ஆபத்து வந்தால் ஊரைத் திரட்டுவதற்கென்று ஒவ்வொரு ஊரிலும் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்போம். ஓடைக்காட்டுக்கு அவள். எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதே. பக்கத்து ஊர்க்காரன் ஓடுகிறான் என்று நீ ஓடாதே. புரளியைக் கேட்டு ராத்திரியில் ஓடிக் கிணற்றில் விழுந்தவர்கள்தான் அதிகம். நான் சொன்னால் கிளம்பு, சொல்லாவிட்டால் இரு. மற்ற ஊர்க்காரர்கள் பயிற்சி முடிந்து டீ குடிக்கும்போதே இதை மறந்துவிட்டார்கள். மாரியாயி தன் ஊருக்கே மனப்பாடம் செய்துவைத்தாள். சார் சொன்னால் மட்டும்.

மூன்று முறையும் ஆடு, மாடு, நடக்க முடியாத மாமியார் என்று ஊரையே ஓட்டிக்கொண்டு முதல் ஆளாக முகாமுக்கு வந்தாள். மூன்றாவது முறை நான் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "வெள்ளம் வரலீன்னா நல்லதுதானுங்க சார். அதுக்குப் போயி யாராச்சும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்களா" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபமே கிடையாது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் யோசித்த விதத்தைச் சொல்கிறேன். என்றைக்காவது ஒருநாள் வடகரை உடையும். ஆயிரம் வீடு இருக்கிறது. கொடைக்காரர் சொல்கிறார் என்று சிரித்துக்கொண்டே அவ்வளவு பேரும் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை அசைக்க என் மைக் போதாது, படம் போட்டுக் காட்டுவது போதாது. அவர்கள் கண்ணெதிரே, அவர்களுக்குத் தெரிந்த முகங்கள், தண்ணீரில் போக வேண்டும். தப்பித்தவர்களைப் பார்த்து யாருக்கும் புத்தி வருவதில்லை. செத்தவர்களைப் பார்த்துத்தான் வரும்.

ஏன் ஓடைக்காடு என்று கேட்பீர்கள். கீழ்ப்புதூர்க்காரர்களைப் போ என்றாலும் போகமாட்டார்கள், இரு என்றாலும் இருக்கமாட்டார்கள். என் பேச்சைக் கேட்டு இருக்கக்கூடியவர்கள் மாவட்டத்திலேயே அந்த நாற்பது வீட்டார்தான்.

அன்றைக்கு மதியம் மேலேயிருந்து தகவல் வந்தது. இரண்டு மணிநேரத்தில் ஏரி நிரம்பும் என்று கணக்குப் போட்டேன். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். பிறகு மாரியாயியே என் செல்லுக்குக் கூப்பிட்டாள்.

"சார், ஓடையில செவசெவன்னு செங்காமட்டையாட்டம் தண்ணி வருதுங்க. கெளம்பட்டுங்களா?"

"வேண்டாம் மாரியாயி. தண்ணி வடிஞ்சுரும். நான் சொல்றவரைக்கும் யாரையும் வெளிய விடாத."

"சரிங்க சார்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். பின்னால் ஆடுகள் கத்துவது கேட்டது. "வாசலுக்கு வந்துருச்சுங்க. எல்லாரும் என்னைய வையறாங்க. மாமியாளையாச்சும் முன்னாடி தூக்கிட்டுப் போயிரட்டுங்களா?"

"என் பேச்சுமேல நம்பிக்கை இல்லையா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. நாங்க இருக்கறமுங்க."

மூன்றாவது முறை மணி அடித்தபோது செல்லை மேசை டிராயரில் போட்டு மூடினேன். மரப்பலகைக்குள் அது உறுமிக்கொண்டே இருந்தது. எனக்கு அதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

தென்கரை உடைந்து பதினோரு பேர் போனார்கள். மாரியாயி பம்புசெட் ரூமின் கூரைமேல் ஏறித் தப்பித்தாள். மாமியாரைக் கையில் பிடித்திருந்தாளாம், பிடி நழுவிவிட்டது. மறுநாள் நான் போனபோது கீழ்ப்புதூரே திரண்டு வந்து பிணங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. செங்கோடன் என் பக்கத்தில் வந்தார். "சார், இனிமே நீங்க சொன்னா நாங்க கேக்கறமுங்க" என்றார். தேம்பித் தேம்பி அழுதார். பல வருஷம் கழித்து அன்றைக்குத்தான் நான் அடித்துப்போட்டாற்போலத் தூங்கினேன்.

பலன் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இந்த ஐப்பசியில் வடகரை உடைந்தது. உடைவதற்கு முன்பே மைக்கில் ஒரு தடவைதான் சொன்னேன். ஆயிரம் வீடும் பூட்டுப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. உப்புமாதான் போட்டோம், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பதினோரு பேரை ஒரு தட்டிலும் அவ்வளவு ஜனத்தை இன்னொரு தட்டிலும் வைத்துப் பாருங்கள். என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் மனசு கேட்டிருக்காது என்பீர்கள். உங்கள் மனசு சுத்தமாக இருப்பதற்காகக் கீழ்ப்புதூர் செத்துப்போக வேண்டுமா?

சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். வைத்திருந்து என்ன ஆகப்போகிறது.

ஐப்பசிக்கு முன்னால் மாரியாயி என்னைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்தாள். வீடு போனபிறகு அவள் கீழ்ப்புதூரில், பட்டறைக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டில் குடியிருந்தாள். கையில் ஒரு பை கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தாள். "சார், அன்னைக்கு ஏனுங்க இருக்கச் சொன்னீங்க?" என்று கேட்டாள். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, தெரியாததைக் கேட்கிற மாதிரி கேட்டாள். தப்பு நடந்துபோச்சு மாரியாயி என்றேன்.

"உட்டுத் தள்ளுங்க சார். உங்களுக்கு மலையிலிருந்து தகவலே வந்திருக்காதுங்க. யார்கிட்டயும் நான் சொல்லல. சொன்னா உங்களைத்தான் வைவாங்க." பிறகு சொன்னாள், "அடுத்த கூட்டத்துக்குக் கலெக்டர் வாராங்களாமா. மலைமேல மழைன்னா எங்களுக்கும் நேரா ஃபோன் வர்ற மாதிரி செய்யுங்கன்னு நானே எந்திரிச்சுக் கேக்கப் போறேனுங்க. அன்னைக்கு நடந்ததை வெலாவாரியாச் சொன்னாத்தான அவங்களுக்கும் புரியும்."

நல்ல யோசனை என்று சொல்லி அனுப்பினேன். கொய்யாப்பழத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நான் வேண்டுமென்றே சொல்லவில்லை என்று ஒரு தடவை வெளியே தெரிந்துவிட்டால், அதற்கப்புறம் எந்த ஊரில் எந்த அதிகாரி மைக் பிடித்தாலும் ஒருவரும் நகரமாட்டார்கள். அந்தப் பதினோரு பேரும் வீணாகச் செத்தவர்கள் ஆகிவிடுவார்கள். நான் காப்பாற்ற நினைத்தது என்னையல்ல, அந்த நம்பிக்கையை. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது உங்களிடம் சொல்லும்போது அந்த நியாயம் கொஞ்சம் நோஞ்சானாகத்தான் இருக்கிறது.

வடகரை உடைவதற்கு முன்னால் மாரியாயி கூப்பிட்டாள். "எல்லாரும் போயிட்டாங்க சார். ஒவ்வொரு ஊடாத் தட்டிப் பாத்துட்டேன். நானும் வாரேனுங்க."

கரையை ஒட்டிக் கடைசி வீட்டில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக மாட்டிக்கொண்டிருக்கிறார், பார்த்துக் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

"அடப் பாவமே, நான் பாக்காம உட்டுட்டேன் பாருங்க. இதா போறேனுங்க" என்றாள். சேற்றில் அவள் ஓடுகிற சத்தம் கேட்டது.

ஆட்டைத் தேடித் திரும்பிப் போய் மாட்டிக்கொண்டாள் என்று நான்தான் எல்லோரிடமும் சொன்னேன். அந்தக் கடைசி வீடு காலியாகி ரொம்ப நாள் ஆகிறது. அதைப் பூட்டிச் சாவியை வாங்கி வைத்தவனே நான்தான்.