கூந்தல் தேயாத டாலர்

வெள்ளிச் சாமானுக்கு விபூதியைவிட நல்ல பாலிஷ் கிடையாது. என் மனைவி ஷியாமளா வளைகுடாவுக்கு வந்த பிறகு இந்த அல் ஐனிலும் குத்துவிளக்கை அப்படித்தான் துலக்குகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை, விளக்குதானே. நாணயத்தை மட்டும் தேய்க்கக் கூடாது. வாசு, நீங்கள் மொழிபெயர்க்கும்போது இதை முதலில் அதிகாரிக்குச் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு எளிதாகப் புரியும்.

என் பெயர் சேதுமாதவன். கம்பெனியில் கேம்ப் மேனேஜர். பழைய அமெரிக்க வெள்ளி டாலர்களை மதிப்புப் பார்ப்பது எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். இங்கே யாருக்கு ஒன்று கிடைத்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். யாரையும் நான் ஏமாற்றியதில்லை.

வேலுச்சாமியையும் ஏமாற்றவில்லை. ராமநாதபுரம் பக்கத்து ஆள், எங்கள் சைட்டில் குழாய் பதிக்கும் வேலை. நாடு திரும்பிய அமெரிக்க இன்ஜினீயர் ஒருவர் நினைவாகக் கொடுத்த டாலரை, இந்த வருடம், 1976 ஜூனில், என் மேஜைமேல் வைத்தான். அடித்த வருடம் 1893. பின்பக்கம் கழுகின் வாலுக்குக் கீழே பொடியாக ஓர் 'எஸ்'. சான்பிரான்சிஸ்கோவில் அடித்ததற்கு அடையாளம். அந்த வருடம் அங்கே அடித்ததே ஒரு லட்சம்தான். அதிலும் பெரும்பாலானதை உருக்கிவிட்டார்களாம். ஒட்டவைத்த எழுத்தா என்று லென்ஸ் வைத்து அரை மணி நேரம் பார்த்தேன். அசல். முன்பக்கத்துப் பெண் தலையில், காதுக்கு மேலே உள்ள கூந்தல்தான் முதலில் தேயும். அங்கே ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எட்டாயிரம் திர்ஹாம் தருகிறேன் என்றேன். அவனுக்கு அது ஒன்றரை வருடச் சம்பளம், நியாயமான விலை.

"லச்சுமிய விக்கிறதா சார்?" என்றான். "இந்தம்மா சட்டப்பையில இருந்ததாலதான் சாரத்துலேருந்து விழுந்தும் பொழச்சேன். எங்கூடவே இருக்கட்டும்."

அதோடு விட்டிருப்பேன். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அவன் ரூம் பக்கம் போனபோது, ஈரத்துணியில் விபூதி தொட்டு அதைத் தேய்த்துக்கொண்டிருந்தான். டாலர்ப் பெண்ணின் நெற்றியில் குங்குமம் வேறு. தேய்த்தால் மதிப்பே போய்விடும் என்று பொறுமையாகத்தான் சொன்னேன்.

"அழுக்கோட சாமிய வெக்கலாமா சார்? வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம தொடச்சிருவேன்."

ஏழு வெள்ளிக்கிழமைகள் பொறுத்தேன். ஒவ்வொரு தடவையும் லென்ஸோடு போய்ப் பார்த்தேன். மூன்று இழைகள் மழுங்கிவிட்டன. அந்த வாரங்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. எண்பது வருடம் தப்பி வந்த ஒன்றை ஒருவன் என் கண்ணெதிரே கொன்றுகொண்டிருக்கிறான், கேட்க நாதியில்லை.

ஆகஸ்ட் பதினாறாம் தேதி, பாலைவன மணலுக்குள் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த எண்ணெய் பம்புக்கு அவனைத் தனியாக டூட்டி போட்டேன். ஒரு கேன் தண்ணீர் கொடுத்தேன். சாயங்காலம் வண்டி வரும் என்றேன். மணலில் விழுந்தால் கிடைக்காது, டாலரை ஆபீஸ் பெட்டியில் வைத்துவிட்டுப் போ என்றும் சொன்னேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தான்.

"ஒங்ககிட்ட இருந்தா பயமில்ல சார்."

சாயங்காலம் டிரைவர் கௌஸ் முகம்மது வந்து, "வேலுச்சாமிய ஏத்திட்டு வந்துரவா சார்?" என்றார். வண்டிக்கு அஜ்மானில் வேலை என்று அனுப்பிவைத்தேன். மறுநாளும் வந்து நின்றார். "தண்ணி தீந்திருக்கும் சார்." வேறு வண்டி போயிருக்கிறது என்றேன். வேறு வண்டி ஏதும் போகவில்லை. நான்காம் நாள் அவரையே அனுப்பினேன். பம்பிலிருந்து பதினோரு கிலோமீட்டர் நடந்து வந்து விழுந்து செத்துக் கிடந்திருக்கிறான். ரோட்டைப் பார்த்துத்தான் நடந்திருக்கிறான், திசை தப்பவில்லை.

வண்டி அனுப்ப மறந்துவிட்டேன் என்று போலீஸ் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாம் என்கிறீர்கள். வேண்டாம், வாசு. நான் மறக்கவில்லை. அந்த நாட்களில் மணி பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவன் திரும்பி வரக் கூடாது என்றுதான் வண்டி அனுப்பவில்லை. பேராசை என்று மட்டும் எழுதாதீர்கள்; டாலரை நான் விற்கவில்லை, பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.

ஒன்றை அபூர்வம் என்று எப்படிச் சொல்கிறோம்? எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான். போன மாதம் மட்டும் எங்கள் கேம்ப்புக்கு நூற்று நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். ராமநாதபுரத்திலிருந்தே முப்பது பேர். அந்த டாலர் இந்த வளைகுடா முழுக்கத் தேடினாலும் ஒன்றுதான். இதை அப்படியே அரபியில் சொல்லுங்கள். அதிகாரி நியாயம் தெரிந்தவர், புரிந்துகொள்வார்.