தங்கச்சிக்குப் பகல் டூட்டி

ஒரு சர்வாதிகாரி வெளிநாட்டுல இருக்கிற தன் ஜனத்துக்கும் ஓட்டு குடுத்தா, அவன் நல்லவன்தானேன்னு முன்வரிசையில ஒரு தம்பி கேட்டாரு. நல்ல கேள்வி. பதிலை ஒரு குட்டிக் கதையா சொல்லிப்புடறேன், உட்காருங்க...

ஒரு நாடு. பேரு வேணாம், கற்பனைன்னே வச்சுக்குங்க. அங்க ஆட்சியை எதிர்த்துப் பேசுன இத்ரீஸ்னு ஒருத்தரு, தப்பிச்சு வேத்து நாட்டுக்குப் போயி ரொட்டிக் கடையில வேலை பார்க்கறாரு. பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனா தூதரகத்துல நாயா அலைய விடுவாங்க. அப்படிப்பட்ட மனுசனுக்குத் திடீர்னு அதே தூதரகத்துலேருந்து போன் வருது. "ஐயா, நீங்களும் நம்ம நாட்டுப் பிள்ளைதானே! வந்து ஓட்டுப் போடுங்க!"

கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. இந்த ஒரு தடவையாவது அந்தச் சர்வாதிகாரிக்கு எதிரா குத்திடணும்னு, சலவைச் சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்பறாரு.

தூதரகத்துல உபசாரம்னா உபசாரம்! நாற்காலி என்ன, டீ என்ன! அதிகாரி ஓட்டுச் சீட்டைக் கையில குடுத்துட்டு, பக்கத்துலயே நின்னுக்கிட்டு, ரொம்ப அன்பா கேட்கறான்... "ஊர்ல தங்கச்சி சௌக்கியமா? அரசாங்க ஆஸ்பத்திரியில இன்னும் நைட் டூட்டிதானா? பாவம்..."

தங்கச்சி நர்ஸுன்னு இவரு அங்க யார்கிட்டயும் சொன்னதே இல்லையே!

மிரட்டுனானா? இல்லய்யா, நலம்தானே விசாரிச்சான்! இத்ரீஸ் தலைவரு படத்துக்கு நேரா முத்திரையைக் குத்திட்டு வெளிய வந்தாரு. வாசல்ல போட்டோ எடுத்தாங்க. சிரிக்கச் சொன்னாங்க. சிரிச்சாரு.

மறுவாரம் தங்கச்சி போன் பண்ணுது. "அண்ணே! நான் கேட்காமலே எனக்குப் பகல் டூட்டி போட்டுட்டாங்கண்ணே!" அந்தப் பொண்ணு அங்க சிரிக்குது... இங்க அண்ணன் ரொட்டி அடுப்பு முன்னாடி உட்கார்ந்து அழுவுறாரு.

ஏன் அழுவுறாரு? கடல் தாண்டிட்டோம், இனி பயமில்லைன்னு இத்தனை நாளா நினைச்சிருந்தாரு. அந்த நிம்மதி போச்சேன்னு அழுவுறாரு.

தம்பி, இப்ப நீங்களே சொல்லுங்க. அந்த ஓட்டு எதுக்குக் குடுத்தான்? இத்ரீஸ் மனசைத் தெரிஞ்சுக்கவா? வெளிநாட்டுல இருக்கிறவனும் என் பக்கம்தான்னு ஊருக்குப் போட்டோ காட்ட. உன் வீடு எனக்குத் தெரியும்னு உனக்குச் சொல்ல.

நம்ம ஊரு பள்ளிக்கூடத்துல ஓட்டுப் போடப் போனா ஒரு அட்டைத் தடுப்பு வச்சிருப்பாங்களே... பார்த்திருக்கீங்களா? காத்தடிச்சா சாயும். அதுக்குப் பின்னாடி நீங்க தனியா நிக்கிற அந்த ஒரு நிமிஷத்துல, உங்க தங்கச்சி சௌக்கியமான்னு எவனும் கேட்கக் கூடாது. கேட்டுட்டான்னா... அது உங்க ஓட்டு இல்லய்யா.