கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன்

மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்தால் கசப்பு தெரியாது. முழுதாகக் கொடுத்தால் என் பையன் கன்னத்தில் ஒதுக்கிவைத்துத் துப்பிவிடுவான். அதனால் ஆறு வயதிலிருந்து நான்தான் தினமும் காலையில் குழைத்துக் கொடுத்தேன். என் மனைவிக்கு அந்தப் பக்குவம் வராது, மேடம். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவாள்.

நான் லிப்ட் மெக்கானிக்காக இருந்தேன். பையனுக்குத் தசைச் சிதைவு நோய் என்று தெரிந்த மாதமே வேலையை விட்டுவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் விட்டேன். குளிப்பாட்டுவது, கால்களை நீவிவிடுவது, படியில் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் நான்தான். தெருவில் என்னைப் பற்றி நல்லவிதமாகவே பேசுவார்கள். பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று என் மாமியாரே சொல்லியிருக்கிறார்.

அந்த மாத்திரை நோயைக் குணப்படுத்தாது. தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஒழுங்காகக் கொடுத்தால் பதின்மூன்று, பதினான்கு வயதுவரை நடப்பான் என்று டாக்டரம்மா சொன்னார். நன்றாகவே வேலை செய்தது. எட்டு வயதில் என் கையை விட்டான். ஒன்பது வயதில் சுவரைப் பிடித்தபடி தெருமுனையில் இருந்த சிநேகிதன் வீட்டுக்குத் தனியாகப் போகப் பழகினான்.

நான் செருப்பை மாட்டினால், "நீ வராதப்பா, நானே போயிக்குவேன்" என்பான். பிள்ளைகள் அப்படித்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் அந்த வீட்டு வாசற்படியில் விழுந்து முன்பல் இரண்டு உடைந்தன. நான் போனபோது உதட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சிநேகிதன் ஏதோ சொல்ல, சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பையனின் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுதாங்க முதல்ல கெஞ்சினான். இனிமே வெளிய விட மாட்டீங்கன்னு பயம் போல. நல்ல புள்ள" என்றார். அந்த 'நல்ல புள்ள' எனக்குப் பிடிக்கவில்லை. என் பிள்ளை எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாதா?

அதன்பிறகு அவன் விழுவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்திருக்கிற பிள்ளை விழ மாட்டான். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவனுக்குக் கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பொடித்துவிட்டால் இரண்டும் வெள்ளைதான். தசை நோய்க்கான மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன்; குறைத்த அளவுக்குக் கால்சியத்தைக் குழைத்தேன். முழுவதும் நிறுத்த எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை, மேடம்.

முதலில் முன்னைவிட அதிகமாக விழுந்தான். அதை எதிர்பார்த்திருந்தேன். ஒவ்வொரு முறையும் நானே காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். மாத்திரையால் உப்பியிருந்த முகம் வற்றி அழகாகிவிட்டான். "ஏங்க, பழைய முகம் திரும்பிடுச்சு பாத்தீங்களா?" என்று என் மனைவி பூரித்துப்போனாள். சிநேகிதன் வீட்டுக்குப் போவது தானாகவே நின்றது. பத்தரை வயதில் ஒரு காலை, கட்டிலை விட்டு எழ முடியவில்லை. குனிந்து தூக்கினேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் கழுத்தை இரு கைகளாலும் கட்டிக்கொண்டான். அன்று முழுக்க அவனை இறக்கிவிட மனமே வரவில்லை.

போன மாதம் சக்கர நாற்காலி மாற்ற அளவெடுத்தபோதுதான் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ரொம்ப உயரமாயிட்டானே. இந்த மாத்திரை சாப்பிடுற புள்ளைங்க இப்படி வளர மாட்டாங்களே. விடாமக் குடுக்குறீங்கல்ல?"

"அவரு ஒருவேளைகூடத் தவறவிட மாட்டாரு டாக்டர்" என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "அடுத்த தடவ வீட்ல இருக்குற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

அன்று சாயங்காலமே என் மனைவி வீடு முழுக்கத் தேடினாள். பழைய கருவிப் பெட்டியில், சீல்கூடப் பிரிக்காத புட்டிகள் இரண்டு வருடத்துக்கு மேலாகச் சேர்ந்து கிடந்தன. விலையுயர்ந்த மருந்து, தூக்கி எறிய மனம் வரவில்லை. அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, "அவன் விழுந்தப்போல்லாம் இந்தக் கையாலதான மருந்து போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். உண்மையைச் சொல்ல எனக்கு என்ன தயக்கம்?

நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மாத்திரையை நிறுத்தியது நான்தான். நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன். யாரும் தூண்டவில்லை. இது நோயின் போக்கு அல்ல.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் என்னை அழைத்துப்போக வந்தபோது அவன் நாற்காலியில் இருந்தான். பன்னிரண்டு வயது, எல்லாம் புரிகிறது. "அப்பா, நான் உன்னை என்ன பண்ணேன்?" என்றான். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால் தலையணையைச் சரிசெய்யப் போனேன். என்னைத் தள்ளிவிடக் கையைத் தூக்கினான். பாதியிலேயே நடுங்கி மடியில் விழுந்தது. அந்தக் கையை எடுத்து ஒழுங்காகக் கைப்பிடியில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். பாவம், இப்போதும் எல்லாவற்றுக்கும் அவனுக்கு நான் வேண்டியிருக்கிறது.