கதவில் பதினொரு தரம்

ஆமிக்காரன் ஷெல் குத்துகிறான். முகாம் பக்கம். கும். அம்மா எண்ணுகிறாள். ஒன்று. இரண்டு. ஏழில் விழும். நேற்றும் ஏழில்தான் விழுந்தது. ஏழுக்கு முன் ஒழுங்கையைக் கடக்க வேண்டும்.

"படுங்கோ! விழுந்து படுங்கோ!" வேலிக்கு அப்பால் யாரோ கத்துகிறார்.

படுக்கிறோம். சீழ்க்கை. பிறகு வெடிப்பு. வாசிகசாலைப் பக்கம். மண் முதுகில் கொட்டுகிறது. எழும்புகிறோம். ஓடுகிறோம். நான் முன்னால். கையில் பை. பைக்குள் பிறப்புச் சான்றிதழ் மூன்று, காணி உறுதி ஒன்று, தண்ணீர்ப் போத்தல். எனக்குப் பின்னால் தங்கை வதனி. ஏழு வயது. ஒரு காலில் செருப்பு இல்லை. அவளுக்குப் பின்னால் அம்மா.

ஐப்பசி. செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி நாற்பது.

எங்கள் பங்கருக்குள் மழைத் தண்ணீர் இடுப்பளவு நின்றது. அதனால் பள்ளிக்கூட மாஸ்டர் வீட்டுப் பங்கருக்கு ஓடினோம். ஊரில் சீமெந்து போட்ட பங்கர் அது ஒன்றுதான். கதவும் இருந்தது. இரண்டு அங்குல வேப்பம் பலகை. உள்ளே இரும்புத் தாழ்.

கதவு பூட்டியிருந்தது. அம்மா தட்டினாள். மடக்கிய விரல் மொழியால் மூன்று தரம். பிறகு உள்ளங்கையால். "மாஸ்டர், பிள்ளையள் நிக்குது. திறவுங்கோ." நான் எண்ணினேன். பயந்தால் எண்ணுவது என் பழக்கம். இன்றும் அப்படித்தான். எட்டு. ஒன்பது. பத்தாவது இரண்டு கையாலும். பதினொன்று.

அடுத்தது கேட்கவில்லை. தன்மேல் விழும் ஷெல்லின் சத்தம் ஒருவருக்கும் கேட்பதில்லை.

நான் கிணற்றுக்கட்டுக்கு அப்பால் கிடந்தேன். இடது காதிலிருந்து இரத்தம். மாஸ்டரின் கதவு ஏழு மணி ஐந்துக்குத் திறந்தது. அவர் தன் வெள்ளை வேட்டியைக் கிழித்து அம்மாவையும் வதனியையும் மூடினார். தள்ளுவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஊர் அதற்காக அவரைப் புகழ்ந்தது. என்னைத் தூக்கி நிறுத்தியபோது பங்கரின் உட்புறத்தைப் பார்த்தேன். இரண்டு சைக்கிள். ஒரு தையல் மெஷின். மூன்று மூட்டை நெல். அவையெல்லாம் நனையாமல் இருந்தன.

இது நடந்து முப்பத்துநான்கு ஆண்டு. எனக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. மொன்றியலில் ஒரு வைத்தியசாலையில் நோயாளர் பதிவுகளை ஒழுங்குபடுத்துவது என் வேலை. எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளரும் நான்தான். மாஸ்டர் அதன் தலைவர். எழுபத்தொன்பது வயது. இன்றும் கழுத்துப்பட்டி கட்டாமல் வெளியே வரமாட்டார். எப்படி ஒரே சங்கத்தில் இருந்தாய் என்று கேட்பவர்களுக்கு: விலகிப் போனால் அவர் சொல்வது மட்டும் மிஞ்சும். அதனால் இருந்தேன்.

சங்கம் போர்க்கால நினைவுகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போடுகிறது. நீங்கள் இப்போது வாசிக்கும் புத்தகம் அதுதான். சென்ற மாசியில் மாஸ்டரின் கட்டுரை என் கைக்கு வந்தது. எழுத்துப்பிழை பார்க்க வேண்டியது நான். நான்காம் பக்கத்தில் ஒரு வசனம்: "கதவு தட்டிய சத்தம் உள்ளே இருந்த ஒன்பது பேரில் எவருக்கும் கேட்கவில்லை."

பிழை என்று அடிக்கோடு போட்டேன். அம்மா தட்டியது பதினொரு தரம் என்று ஓரத்தில் எழுதினேன். நிர்வாகக் கூட்டத்தில் அவர் சிரித்தார்.

"பிள்ளை, உனக்கு ஒரு காதுதானே வேலை செய்யுது. அண்டைக்கு நீ சின்னப்பெட்டை வேற. பதினொண்டு எண்டு என்னெண்டு கணக்கு வச்சனீ?"

"அண்டைக்கு ரெண்டு காதும் கேட்டது, மாஸ்டர்."

"அந்தக் கதவு தடிப்பம். உனக்கு விளங்காது."

நிர்வாகம் அவருடைய வசனம் இருக்கட்டும் என்றது. என்னிடம் ஆதாரம் இல்லை என்றது. ஆதாரம் கொண்டுவருகிறேன் என்று நான் சொல்லவில்லை. குறிப்பேட்டில் எழுதினேன்.

டவுன்டவுனில் ஒரு பழைய பியர் மண்டபம் உண்டு. ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்த ஒருவர் தன் ஊர் மண்டபத்தைப் போலவே கட்டியது. சனிக்கிழமைகளில் வழிகாட்டியுடன் சுற்றிக்காட்டுவார்கள். சித்திரையில் வேலைத்தள நண்பர்களோடு போனேன். நிலவறையில் ஒரு ஐஸ் அறை. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், ஆற்றில் வெட்டிய பனிக்கட்டியை அடுக்கி வைத்த இடம். அதன் கதவு ஓர் அடி தடிப்பு. இரண்டு பலகைக்கும் நடுவில் மரத்தூள். வழிகாட்டி ஒருவரை வெளியே நிறுத்தினாள். மற்றவர்களை உள்ளே விட்டுக் கதவை மூடினாள். விளக்கை அணைத்தாள். வெளியே நிற்பவர் எவ்வளவு கத்தினாலும் உள்ளே கேட்காது, அதுதான் வேடிக்கை. குரல் கேட்கவில்லை. ஆனால் வெளியே நடைபாதை விளக்கு ஒரு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். நின்றவர் கதவைத் தட்டினார். அது கேட்டது. ஓர் அடி மரத்தூளுக்குள்ளாகக் கேட்டது.

வைகாசியில் தனியே மறுபடியும் போனேன். வெளியே நிற்க நான் வருகிறேன் என்றேன். விளக்கு அணைந்தது. தட்டினேன். உள்ளே நின்ற ஒரு கிழவர் பிறகு சொன்னார்: நான்கு தரம். சரி. நான் தட்டியது நான்கு தரம்.

அடுத்த கூட்டத்தில் சங்கத்தின் கோடைச் சுற்றுலாவுக்கு அந்த மண்டபத்தை முன்மொழிந்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. ஆகவே இது தற்செயல் அல்ல. நானே ஒழுங்கு செய்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

ஆனி. சனிக்கிழமை. டொலார்ட் புறநகரிலிருந்து பஸ் ஒன்பது நாற்பதுக்குப் புறப்பட்டது. என்னையும் சேர்த்து இருபத்துநான்கு பேர். ஏறும்போது எண்ணினேன். இறங்கும்போது எண்ணினேன். எல்லோரும் எங்கள் ஊர். எல்லோருக்கும் கதை தெரியும். இரண்டு விதமாகவும் தெரியும்.

"மகள் கேட்டவள், எங்கயம்மா போறியள் எண்டு," என்றார் ஆற்றுக்கு அப்பால் புரோசார்டிலிருந்து வந்த புவனமக்கா. "மியூசியம் எண்டனான்."

"பொய் சொல்லேல்லைத்தானே. பழைய பியர்," என்றார் கனகண்ணை. அவர் மாஸ்டரோடு படித்தவர்.

வழிகாட்டி கமீல். இளம்பெண். எங்களுக்காக ஆங்கிலத்தில் பேசினாள். உயரமான மண்டபம். கூரையில் நீலமும் வெள்ளையுமாகச் சாய்சதுரங்கள். இருபது பேர் இருக்கக்கூடிய நீள மேசைகள். சுவரில் இரும்புக் கம்பி அடித்த அலுமாரி. உள்ளே மூடி வைத்த மண் குவளைகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு, இலக்கம். நாள்தோறும் வருபவர்களின் சொந்தக் குவளைகள் என்றாள். பூட்டின் திறப்பு அவரவர் வீட்டில்.

"பூட்டிப்போட்டுக் காட்டினா எப்பிடிக் குடிக்கிறது?" என்றார் கனகண்ணை. சிரித்தார்கள்.

குவளைக்காரர் இறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதிவேட்டில் பெயருக்கு எதிரே நாளை எழுதுவோம் என்றாள் கமீல். குவளை அங்கேயே இருக்கும். வேறு எவரும் அதில் குடிப்பதில்லை. ஒரு மண் குவளைக்கு அவ்வளவு மரியாதை. எழுதிக்கொண்டேன்.

மூலையில் ஒரு வட்ட மேசை. மேலே ஒரு பித்தளைப் பலகை. அது பழைய வாடிக்கையாளருக்கு மட்டும், மற்றவர்கள் இருப்பதில்லை என்று சொன்னாள். மாஸ்டர் கதிரையை இழுத்து இருந்தார்.

"எழும்புங்கோ, அவள் சொல்லுறாள்," என்றார் மாமி. மாமி மாஸ்டரின் மனைவி. எனக்கு உறவில்லை. ஊர் வழக்கத்தில் மாமி.

"ஒரு நிமிசம் இருந்தா என்ன, தேய்ஞ்சு போகுமே?"

பதினொன்று இருபதுக்கு நிலவறைக்கு இறங்கினோம். இருபத்தொரு கற்படி. மாமியின் கையை நான் பிடித்திருந்தேன். அவர் கை குளிர்ந்திருந்தது. ஐஸ் அறை வாசலில் கமீல் கேட்டாள். உங்களில் பெரிய குரல் யாருக்கு?

"மாஸ்டருக்கு," என்றேன்.

"ஓம் ஓம். மாஸ்டர் கத்தினா பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் எழும்பி நிக்கும்," என்றார் கனகண்ணை.

மாஸ்டருக்குச் சந்தோஷம். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். வெளியே நின்றார். நாங்கள் இருபத்துமூன்று பேரும் கமீலும் உள்ளே போனோம். குழுவைக் கூட்டி வந்தவள் என்பதால் கதவின் உட்கொக்கியை என்னிடம் விட்டாள். மூடினேன். விளக்கு அணைந்தது.

இருட்டு. ஈரக் கல் வாசம். கமீல் மெதுவாகச் சொன்னாள்: உங்கள் நண்பர் இப்போது கத்துகிறார். கேட்கிறதா?

கேட்கவில்லை. ஒன்றும் கேட்கவில்லை. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். என் கைக்கடிகாரத்தின் பச்சை முள் ஓடுகிறது. ஐம்பது விநாடி. அறுபது. வெளியே விளக்கு அணைந்திருக்கும். தனியே விடப்பட்ட மனிதன் தட்டுவான். அது எனக்குத் தெரியும்.

ஒன்று.

சிறிய சத்தம். தெளிவான சத்தம். விரல் மொழி.

இரண்டு. மூன்று.

சிரிப்பு நின்றது. இருட்டில் ஒருவருடைய முகமும் தெரியவில்லை. ஆனால் இருபத்துமூன்று பேர் மூச்சை அடக்குவது தெரியும். நான்கு. இப்போது உள்ளங்கை. போதும், திறக்கலாம் என்றாள் கமீல். கொக்கியில் என் கை. திறக்கவில்லை. ஐந்து. ஆறு.

"நளினி," என்றார் கனகண்ணை. பகிடி இல்லாத குரல். "வயசு போன மனிசன். திறவன்."

"எண்ணுங்கோ, அண்ணை."

ஏழு. எட்டு. வேகமாக. அவருக்கு இப்போது பயம். எனக்கு இரக்கம் வரவில்லை. வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. ஒன்பது. என் தோளுக்குப் பக்கத்தில் மாமி. அவருடைய மூச்சு என் வலது காதில். பத்து. இரண்டு கையாலும்.

மாமி பேசினார். உரத்து அல்ல. ஐஸ் அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"அண்டைக்கும் இப்பிடித்தான் கேட்டது."

பதினொன்று.

திறந்தேன். விளக்கு தானாக எரிந்தது. மாஸ்டர் நெற்றியில் வியர்வை. கழுத்துப்பட்டி கோணல்.

"என்ன பிள்ளை விளையாட்டு இது? நான் தட்டினது கேக்கேல்லையோ?"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் மாமியின் முகம். அப்போது அவருக்கு விளங்கியது.

மேலே நீள மேசையில் எங்களுக்குச் சுவை பார்க்கச் சிறு கிளாஸ்களில் பியர் வைத்தார்கள். கனகண்ணைகூடத் தொடவில்லை. நான் குறிப்பேட்டைத் திறந்து மாமிக்கு முன் வைத்தேன். சொல்லுவதை எழுதலாமா என்று கேட்டேன்.

"வாயைப் பொத்திக்கொண்டிரு," என்றார் மாஸ்டர்.

"முப்பத்துநாலு வருசமாப் பொத்தினனான்," என்றார் மாமி. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "எழுது பிள்ளை. எல்லாருக்கும் கேட்டது. உன்ர அம்மான்ர குரலும் கேட்டது. நான் திறக்க எழும்பினனான். இவர் என்ர கையைப் பிடிச்சு இருத்தினவர். ஷெல் உள்ளுக்கு வந்திடும் எண்டவர். இவ்வளவுதான். நானும் இருந்திட்டன். அதையும் எழுது."

எழுதினேன். வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். கனகண்ணையும் புவனமக்காவும் சாட்சி. பன்னிரண்டு மணி ஐந்து.

மாமியை மன்னித்துவிட்டாயா என்று சங்கத்தில் கேட்கிறார்கள். இல்லை. அவர் உண்மை சொன்னார். அது வேறு.

திங்கட்கிழமை மாஸ்டர் போன் எடுத்தார்.

"என்ர கட்டுரையை எடுத்துவிடு பிள்ளை. அது வேண்டாம்."

"எடுக்கேலாது, மாஸ்டர். அச்சுக்குக் குடுத்தாச்சு."

அது பொய். புத்தகம் இன்னும் என் மேசையில்தான் இருந்தது. என் வாழ்வில் தெரிந்து எழுதிய பொய் ஒன்றும் இல்லை. சொன்ன பொய் இது ஒன்று.

"அந்த வசனத்தையெண்டாலும் வெட்டிவிடன்."

"எழுத்துப்பிழை மட்டுந்தான் நான் பாக்கிறனான்."

போனை நான் வைக்கவில்லை. அவர்தான் வைத்தார். அன்று பின்னேரமே தலைவர் பதவியை விடுவதாகக் கடிதம் அனுப்பினார். பேரப்பிள்ளைகள் தமிழ் வாசிக்க மாட்டார்கள் என்பது அவருக்கு ஆறுதலாக இருக்கலாம். நான் எழுதும் இந்தக் கட்டுரையின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் புத்தகத்தின் பின்பகுதியில் வருகிறது. நானே கேட்டுச் செய்வித்தேன்.

ஆகவே அவருடைய கட்டுரை இதற்கு முன்பக்கங்களில் இருக்கிறது. ஒரு சொல்லும் மாற்றவில்லை. அந்த வசனமும் இருக்கிறது. அதை முதலில் வாசியுங்கள்.

இழந்தவை:

அம்மா. முப்பத்தெட்டு வயது. இன்று நான் அவளைவிடப் பத்து வயது மூத்தவள்.

வதனி. ஏழு வயதும் ஒரு மாதமும்.

வதனியின் செருப்பு ஒன்று. ஒழுங்கையில் தேடினேன். கிடைக்கவில்லை.

பிறப்புச் சான்றிதழ் மூன்று. காணி உறுதி ஒன்று.

என் இடது காது.

தட்டியது பதினொரு தரம்.

உள்ளே இருந்தவர்கள் ஒன்பது பேர். இழப்பு இல்லை. ஒன்பது பேருக்கும் கேட்டது.